ஒரு டியூப், நான்கு தோல்

குலசேகரத்தையோ கருங்கலையோ ஒட்டி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா அண்டி ஆபீசுக்குப் போகிறவர். முந்திரிக் கொட்டையை உடைக்கும் ஆலைக்குக் குமரி மாவட்டத்தில் அதுதான் பெயர். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புறங்கை சிவந்து தடித்து, அரிப்பில் தூக்கம் போனபோது மருத்துவர் ஒரு ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் கை தேறிவிட்டது. டியூப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கல்லூரிக்குப் போகும் மகள் அதை முகப்பருத் தழும்பில் தடவிப் பார்த்தாள். முகம் வெளுத்தது போலத் தெரியவே, அதே ஆயின்மென்டைக் கடையில் வாங்கித் தினமும் தடவினாள். சில மாதங்களில் கன்னம் சிவந்து, ரத்த நாளங்கள் நூல்நூலாகத் தெரிந்தன. வெயிலில் இறங்கினால் எரிந்தது. கட்டட வேலைக்குப் போகும் மகன் தொடை இடுக்கில் வந்த படைக்குப் பூசினான். அரிப்பு உடனே அடங்கியது. படை மட்டும் மெல்ல அடிவயிறு வரை ஏறியது. மூத்த மகளின் ஒரு வயதுக் குழந்தைக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா). அதற்கென்று மருத்துவர் தந்த மென்மையான ஸ்டீராய்டை, தங்கையின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன அவள் தொடவே இல்லை. குழந்தை இரவெல்லாம் சொறிந்து அழுகிறது.

வீடு கற்பனை. நான்கு கதைகளும் தோல் மருத்துவர்கள் நாள்தோறும் கேட்பவை. ஒரே மருந்து ஒரு கைக்கு நன்மையும் ஒரு முகத்துக்குக் கேடும் செய்வது எப்படி? ஒரு நோயைத் தணித்து இன்னொரு நோயை வளர்ப்பது எப்படி? ‘தேச்சா மாறுது, நிப்பாட்டுனா திரும்ப வருது’ என்று ஊரில் சொல்கிறார்களே, அது ஏன்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், ஸ்டீராய்டு ஆயின்மென்டை அஞ்சவும் வேண்டாம், இஷ்டத்துக்கு அள்ளிப் பூசவும் வேண்டாம். அளந்து பயன்படுத்தலாம்.

அண்டி எண்ணெய் செய்யும் வேலை

நோயிலிருந்து தொடங்குவோம். முந்திரிக் கொட்டையின் ஓடு ஒற்றை அடுக்கு அல்ல. வெளியோட்டுக்கும் உள்ளோட்டுக்கும் நடுவில் தேனடை போன்ற பகுதி உண்டு. அதில் கருஞ்சிவப்பான எண்ணெய் நிறைந்திருக்கிறது. அனகார்டிக் அமிலம், கார்டால் என்ற வேதிப்பொருள்கள் அதில் முக்கியமானவை. பூச்சி வந்து பருப்பைத் தின்னாமலிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. பெயின்ட், வார்னிஷ், வாகன பிரேக் செய்கிறவர்கள் இந்த எண்ணெயை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

ஆலையில் கொட்டையை வறுத்தோ ஆவியில் வேக வைத்தோ, பிறகு ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள். உடைக்கும்போது மிச்ச எண்ணெய் விரலில் படும். இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சாம்பலையோ வேறு எண்ணெயையோ கையில் பூசிக்கொண்டு உட்காருவது அவர்கள் கண்ட பாதுகாப்பு.

அண்டி எண்ணெய் தோலை இரண்டு வழியாகத் தாக்குகிறது. முதலாவது, நேரடியாகப் பொசுக்கும். இரண்டாவது, ஒவ்வாமை. எண்ணெயின் மூலக்கூறுகள் தோலுக்குள் புகுந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். உடலின் காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை துளி பட்டாலும் படையெடுத்து வரும். அந்தப் படையெடுப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரிவதால், எதனால் வந்தது என்று பலருக்குப் புரிவதில்லை.

முந்திரி, மா, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்கு உதடு புண்ணாவது இதே உறவினால்தான். துணிகளில் அடையாளமிட வண்ணார்கள் சேங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு அந்த அடையாளம் பட்ட இடத்தில் தோல் கொப்புளித்தது. 1943-ல் அவர்களுடைய மருத்துவர்கள் அதை ஆராய்ந்து எழுதினார்கள்.

சிவத்தல், சூடு, வீக்கம், அரிப்பு எல்லாம் சேர்ந்த இந்த நிலைக்கு ‘அழற்சி’ என்று பெயர். அழற்சி என்பது உடம்பின் காப்பு நடவடிக்கை. ஆனால் ஒவ்வாமையில் அது தேவைக்கு மேல் நடக்கிறது. நிற்கவும் தெரியாமல் நடக்கிறது. ஸ்டீராய்டுக்கு வேலை வருவது இங்கேதான்.

உடம்பே செய்யும் மருந்து

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போலச் சிறு சுரப்பி ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அட்ரினல் என்று பெயர். அது தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகமாக, இரவில் குறைவாக. அழற்சி எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது அதன் பணிகளில் ஒன்று. ஸ்டீராய்டு ஆயின்மென்டில் இருப்பது இந்தக் கார்ட்டிசாலோ, அதைத் திருத்தி வலுவாக்கிய வடிவங்களோதான்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு இதன் நெருங்கிய உறவான கார்ட்டிசோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்சுக்கும், அந்தப் பொருளைப் பிரித்தெடுத்த கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஊசியில் அதிசயம் செய்த கார்ட்டிசோனைத் தோலில் பூசினால் பலன் இல்லை. காரணம், கார்ட்டிசோன் கல்லீரலுக்குப் போய் மாறிய பிறகே வேலை செய்யும். 1952-ல் நியூயார்க்கில் சல்ஸ்பர்கர், விட்டன் என்ற இரு தோல் மருத்துவர்கள், மாறிய வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனையே களிம்பாகப் பூசிப் பார்த்தார்கள். கரப்பான் அடங்கியது. அதுவரை தாரும் துத்தநாகக் களிம்பும் பூசிக்கொண்டிருந்த தோல் மருத்துவம் அன்றிலிருந்து வேறு திசையில் நடக்கத் தொடங்கியது.

மருந்து எப்படி வேலை செய்கிறது? அது தோலின் அணுவுக்குள் நுழைந்து, அங்கே தனக்கென்று காத்திருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து அணுவின் கருவுக்குள் போகின்றன. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் செய்யச் சொல்லும் மரபணுக்களை அங்கே அடக்குகின்றன. தோலடி ரத்த நாளங்கள் சுருங்குகின்றன; சிவப்பு குறைகிறது. காவல் அணுக்களின் வரத்து தடைப்படுகிறது, அரிப்பு தணிகிறது.

அதே கட்டளை வேறு வேலைகளையும் நிறுத்தும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் உற்பத்தி குறையும். கிருமிகளைத் தடுக்கும் காவலும் தளரும். நன்மையும் கேடும் ஒரே செயலின் விளைவுகள். சில நாள் நடந்தால் அழற்சி அடங்கும். பல மாதம் நடந்தால் தோல் மெலியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: அண்டி எண்ணெயை வெளியேற்றும் சக்தி இந்த மருந்துக்கு இல்லை. எண்ணெயை நினைவில் வைத்திருக்கும் காவல் அணுக்களை அழிக்கும் சக்தியும் இல்லை. ‘நிப்பாட்டுனா திரும்ப வருது’ என்பதற்கு முதல் காரணம் இதுதான். கையில் மறுநாளும் அதே எண்ணெய் படிகிறது.

வெளுப்பைக் கொண்டு அளந்த வீரியம்

1960-களுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் திருத்திப் புதுப்புது ஸ்டீராய்டுகளைச் செய்துவிட்டார்கள். எது எவ்வளவு வலுவானது என்று அளப்பது எப்படி? 1962-ல் மெக்கன்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். நல்ல தோல் உள்ளவர்களின் முன்கையில் மருந்தைச் சிறு சிறு புள்ளிகளாக வைக்க வேண்டும். ரத்த நாளங்கள் சுருங்கி அந்த இடம் வெளுக்கும். எது நன்றாக வெளுக்க வைக்கிறதோ அது வலுவானது. இந்த வலுவை ‘வீரியம்’ என்போம்.

பிரிட்டன் வழக்கப்படி வீரியத்தை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மென்மையான படி. குளோபெட்டாசோன் நடுத்தரம். பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 சதவீதமும் மொமெட்டசோன் 0.1 சதவீதமும் வலுவானவை. குளோபெட்டசால் 0.05 சதவீதம் மிக வலுவானது. ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல 600 மடங்கு வரை அதன் வீரியம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்த எண்களை மறுபடி பாருங்கள். 1 சதவீதம் என்று எழுதியிருப்பது மென்மையானது, 0.05 சதவீதம் என்று எழுதியிருப்பது மிக வலுவானது. டியூப்பின் மேல் உள்ள சதவீதம், எத்தனை மருந்து கலந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். வீரியத்தைச் சொல்வது மருந்தின் பெயர். ‘ரொம்பக் குறைந்த சதவீதம்தானே, ஒன்றும் செய்யாது’ என்று நினைத்துக் குழந்தையின் முகத்தில் குளோபெட்டசாலைப் பூசுவது இந்தக் குழப்பத்தால் நடக்கும் ஆபத்து.

மகளின் முகம் வெளுத்ததற்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஆய்வகத்தில் வீரியத்தை அளக்கப் பயன்பட்ட அதே வெளுப்புதான் அவள் கண்ணாடியில் பார்த்தது. ரத்த நாளம் சுருங்கியது; நிறமி செய்யும் அணுக்களும் சோர்ந்தன. நிறம் மாறவில்லை, தோல் ஒடுக்கப்பட்டது. பூசுவதை நிறுத்தியதும் நாளங்கள் முன்னைவிட விரிகின்றன, முகம் கொதிக்கிறது. அதைத் தணிக்க மீண்டும் பூசுகிறாள். ‘திரும்ப வருது’ என்பதற்கு இது இரண்டாவது காரணம். இந்த முறை திரும்பி வருவது பழைய நோய் அல்ல, மருந்தே உண்டாக்கிய நோய்.

இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாட்டின் 12 மையங்களில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 392 பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த மருந்தைப் பூசச் சொன்னது மருத்துவர் அல்ல. தோழி, உறவினர், கடைக்காரர், அழகு நிலையம் என்று யாரோ. கருப்பு நிறத்தைக் குறை என்று நம் பெண்களிடம் சொல்லிச் சொல்லி வளர்த்த சமூகத்துக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு.

இடத்துக்கு இடம் தோல் வேறு

தோலின் மிக வெளிப்புற அடுக்கைக் ‘கொம்புப் படலம்’ என்கிறோம். ஓடு வேய்ந்த கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறியிருப்பது போல, தட்டையான செத்த அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. நடுவில் கொழுப்புப் பூச்சு. மருந்து இந்த இடுக்குகளின் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். உள்ளங்காலில் இந்த அடுக்கு மிகத் தடிப்பு. கண்ணிமையில் மிக மெலிசு.

1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் எங்கே எவ்வளவு நுழைகிறது என்று அளந்தார்கள். முன்கையில் நுழைவதை 1 என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் 0.14 தான். நெற்றியில் 6. தாடை ஓரத்தில் 13. விதைப்பையில் 42.

இந்த நான்கு எண்களும் நம் வீட்டின் கதையை விளக்குகின்றன. தாயின் கைக்கும் மகளின் தாடைக்கும் ஒரே அளவு பூசினாலும், மகளின் தோலுக்குள் போவது பல மடங்கு. மகன் பூசிய இடமோ இடுக்கு. தோலோடு தோல் உரசி, வியர்வை தேங்கி, மருந்து உள்ளே தள்ளப்படும் இடம்.

ஈரமும் மூடலும் நுழைவைக் கூட்டும். மருந்தைப் பூசி அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றினால் சுமார் பத்து மடங்கு வரை கூடலாம். குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மண். கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். இங்கே அக்குளும் தொடை இடுக்கும் வருடத்தில் பல மாதம் ஈரமாகவே இருக்கின்றன. குளிர்நாட்டுப் புத்தகத்தில் எழுதிய எச்சரிக்கையை நாம் இன்னும் அழுத்தமாக வாசிக்க வேண்டும். குழந்தையின் இடுப்பில் டயாபரைக் கட்டிவிட்டால் அதுவும் மூடல்தான். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். ரத்தத்தில் கலக்கும் மருந்தும் அதற்கேற்பக் கூடும்.

இமையைச் சுற்றி மாதக்கணக்கில் வலுவான ஸ்டீராய்டு பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே கெடலாம். மிக வலுவான மருந்தைப் பெரும் பரப்பில் நெடுநாள் பூசினால், வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைக் கண்டு அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இதனால்தான் குளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று பெரியவர்களுக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள்.

விரல்நுனிக் கணக்கு

‘லேசாகப் பூசுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் எவ்வளவு பூசுவது? ஒருவர் பட்டாணி அளவு எடுப்பார். இன்னொருவர் கரண்டி அளவு எடுப்பார். 1991-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரைச் சேர்ந்த லாங், ஃபின்லே என்ற மருத்துவர்கள் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். அது எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ஆயின்மென்டை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். இதுதான் ஒரு ‘விரல்நுனி அளவு’. டியூப்பின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், ஆணின் விரலில் இது ஏறக்குறைய அரை கிராம். பெண்ணின் விரலில் அதைவிடச் சற்றுக் குறைவு. விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை இரண்டு கொள்ளும் பரப்புக்கு இந்த ஓர் அளவு போதும்.

இனி அம்மாவின் கைகளுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு கைக்கு உள்ளங்கையும் புறங்கையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்பு. ஆகவே ஒரு விரல்நுனி அளவு. இரண்டு கைக்கும் இரண்டு. ஒரு முறை பூச ஏறக்குறைய 1 கிராம். மருத்துவர் இரவில் ஒரு வேளை, இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தால் 14 நாளுக்கு 14 கிராம். ஒரு 15 கிராம் டியூப் போதும். பெண்ணின் விரல் என்பதால் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

இப்போது அந்த டியூப்பே நாள்காட்டி ஆகிவிடுகிறது. இரண்டு வாரத்தில் தீர வேண்டிய டியூப் நான்கே நாளில் தீர்ந்தால், அளவு மூன்று மடங்குக்கும் மேல். மூன்று மாதம் வந்தால், மருந்து தோலுக்குப் போதவே இல்லை. அழற்சி பாதியில் நின்று மீண்டும் கிளம்பும். அதிகம் பூசுவது மட்டும் பிழை என்று நினைக்கிறோம். குறைவாகப் பூசி மாதக்கணக்கில் இழுப்பதும் பிழைதான்.

கழுத்து, முகம் முழுவதற்கும் இரண்டரை அளவு. ஒரு காலுக்கு, பாதம் நீங்கலாக, ஆறு. ஒரு பாதத்துக்கு இரண்டு. குழந்தையின் முழங்கை மடிப்பில் உள்ள கரப்பான் பெரியவரின் ஓர் உள்ளங்கையளவு இருந்தால், பெரியவரின் விரலில் பாதி அளவு போதும். பூசுவது குழந்தைக்கு என்றாலும் அளப்பது பெரியவரின் விரலில்.

எத்தனை வேளை? பெரும்பாலான கரப்பானுக்கு வலுவான ஸ்டீராய்டை நாளுக்கு ஒரு முறை பூசினாலே போதும். இரண்டு முறை பூசினால் கூடுதல் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை. குளித்து, ஒற்றித் துடைத்து, அழற்சி உள்ள இடத்தில் மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். கையில் மருந்து பூசிய உடனே ரப்பர் கையுறை மாட்டினால் அது மூடல் ஆகிவிடும். அதனால்தான் வேலை முடிந்த இரவு இதற்கு நல்ல நேரம்.

ஈரம் காக்கும் பூச்சு இதற்குத் துணை. வறண்டு வெடித்த தோலில் எண்ணெய்ப்பசையான பூச்சைத் தாராளமாக, பல முறை தடவலாம். ஸ்டீராய்டுக்கும் அதற்கும் நடுவில் அரை மணி நேரம் விட்டால் நல்லது. தென்னை சூழ்ந்த ஊரில் இதற்குத் தேங்காயெண்ணெய் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், தாது எண்ணெயைவிடச் சுத்தத் தேங்காயெண்ணெய் நன்றாக உதவியது.

படர்தாமரையை மறைக்கும் பூச்சு

மகனுக்கு வந்தது ஒவ்வாமை அல்ல, பூஞ்சை. தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து பரவும் படை. பூஞ்சையை எதிர்த்து உடம்பு செய்த போரே அந்தச் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்தியது. எதிரி அப்படியே இருக்க, காவல் மட்டும் விலகியது. அரிப்பு அடங்கியதால் மருந்து வேலை செய்கிறது என்று அவன் நம்பினான். பூஞ்சைக்கோ வழி திறந்துவிட்டது.

வட்ட ஓரம் கலைந்து, பார்த்தால் அடையாளம் தெரியாத இந்தப் படையை 1968-லேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் விவரித்து, ‘மாறுவேடப் படை’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். இன்று இந்தியாவில் இது பெரும் சிக்கலாகிவிட்டது. வழக்கமான மருந்தான டெர்பினாஃபைனுக்கு எளிதில் அடங்காத ஒரு பூஞ்சை இங்கே பரவியிருக்கிறது. இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து அதைப் பிரித்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்று பெயரிட்டார்கள். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி எல்லாவற்றையும் கலந்து ‘எந்தப் படைக்கும் இதுதான்’ என்று விற்ற களிம்புகள் இந்தப் பரவலுக்குத் துணைபோயின என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆகவே அளவுக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: இது என்ன நோய்? படையின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலில் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். சில நிமிடம் பிடிக்கும் சோதனை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு போன்ற இடங்களில் காட்டிவிட்டு மருந்து தொடங்கினால், பின்னால் மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை விழுங்குவதைத் தவிர்க்கலாம்.

பயமும் ஒரு கேடு

இனி அந்தக் கைக்குழந்தை. அதன் தாய் தங்கையின் முகத்தைப் பார்த்து ஸ்டீராய்டையே வெறுத்துவிட்டாள். அந்தப் பயம் நியாயமான இடத்திலிருந்து வந்தது. முடிவு மட்டும் தவறு. அடங்காத கரப்பானைச் சொறியச் சொறியத் தோல் தடிக்கும். நகம் பட்ட இடத்தில் சீழ் பிடிக்கும். குழந்தை தூங்காது, வீட்டில் யாரும் தூங்க முடியாது.

2022-ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கரப்பானுக்கு ஸ்டீராய்டு பூசிய 22 சோதனைகளில் தோல் மெலிவு எத்தனை பேருக்கு வந்தது என்று கூட்டிப் பார்த்தது. 2266 பேரில் 26 பேருக்கு. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுதான். அதுவும் வலுவான மருந்துகளிலேயே கூடுதலாக வந்தது. இவை மருத்துவர் கண்காணிப்பில், வரையறுத்த நாள்களுக்குள் நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. மகளுக்கு நேர்ந்தது வலுவான மருந்தை மெல்லிய தோலில், நோயே இல்லாமல், முடிவே இல்லாமல் பூசியதால். குழந்தைக்கு எழுதிக் கொடுத்தது மென்மையான மருந்து, சிறிய இடம், சில நாள். இரண்டும் ஸ்டீராய்டு என்ற ஒரே பெயரில் வந்தாலும் இரண்டும் ஒரே செயல் அல்ல.

அதே தொகுப்பு இன்னொரு நல்ல செய்தியும் சொல்கிறது. கரப்பான் அடங்கிய பிறகு, வழக்கமாக வரும் இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசிவந்தால் அது மீண்டும் கிளம்புவது குறைகிறது. திரும்பத் திரும்ப வரும் கரப்பானுக்கு, நாள்தோறும் பூசிக்கொண்டே இருப்பதைவிட இது நல்ல வழி. எந்த இடம், எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மாதக்கணக்கில் முகத்தில் பூசிவிட்டவர்களும் பயந்துபோய் ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் நிறுத்தும்போது வரும் எரிச்சலையும் சிவப்பையும் தாங்கத் துணை மருந்து தேவைப்படும். தோல் மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் வழி இருக்கிறது. வெட்கப்பட எதுவும் இல்லை.

நிறுத்தும் நாள்

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற எச் பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. 2016-ல் 344 கலவை மருந்துகளுக்கும், 2018 செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்கும் தடை அறிவித்தது. ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகள் சிலவும் அவற்றில் இருந்தன. டியூப்பின் மேல் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி இருந்தால், அது கடையில் கேட்டு வாங்கிப் பூசும் பொருள் அல்ல என்று பொருள். சட்டம் இருக்கிறது. ஆனாலும் மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஏதாவது குடுங்க’ என்று நாம் கேட்கும் வரை அந்தச் சட்டம் பாதி தூரம்தான் வரும்.

மீதி தூரத்துக்கு இரண்டு செயல் தேவை. ஒன்று, நோயின் காரணத்தைத் தொடுவது. அண்டி உடைக்கும் கைகளுக்கு இரண்டு வாரம் மருந்து பூசிவிட்டு, மீண்டும் வெறுங்கையோடு அதே எண்ணெயில் உட்கார வைத்தால், அந்த மருந்துச் சீட்டு வருடம் முழுக்க ஓடும். ஏற்ற கையுறை, தடவிக்கொள்ள எண்ணெய், சோப்பும் தண்ணீரும், புண்பட்ட கைக்கு ஆறும் வரை வேறு பிரிவில் வேலை ஆகியவை ஆலை கொடுக்க வேண்டிய மருந்துகள். தொழிலாளியின் தோலைக் காப்பதை மருத்துவரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

இரண்டாவது, நாம் செய்ய வேண்டியது. ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதும் மருத்துவரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்போம். இது என்ன நோய்? இந்த மருந்தின் வீரியம் என்ன? உடம்பில் எந்த இடத்தில் பூசலாம், எங்கே கூடாது? எத்தனை விரல்நுனி அளவு? எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். ஐந்துக்கும் விடையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்ததும், மிச்சம் இருந்தாலும் வீட்டில் வேறு யாரும் எடுத்துப் பூச முடியாதபடி டியூப்பை அப்புறப்படுத்துங்கள். அது ஒருவருடைய ஒரு நோய்க்கு, சில நாளுக்கென்று அளந்து கொடுத்த மருந்து.